இடது பக்கம் காலியா?

ஜூன் 1, ஞாயிறு

பழைய வண்டி போய்விட்டது. சுகந்தியின் தம்பி கோகுல் காலையில் வந்து எடுத்துக்கொண்டு போனான். இத்தனை வருடம் ஓட்டிய கார் தெருமுனையில் திரும்பும்போது கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

போவதற்கு முன்னால் கோகுல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். சொந்த அக்கா புருஷன் கொடுக்கிற வண்டியை யாராவது இப்படிச் சந்தேகப்படுவார்களா?

"ஏனுங் மாமா, வலது பக்கம் ஷோரூம்ல இருந்து வந்தாப்பல இருக்குது. இடது பக்கம் மட்டும் பூனை பிராண்டுனாப்பல இத்தன கோடு?"

"நம்மூர்ல எல்லாரும் இடது பக்கந்தாண்டா வந்து உரசறாங்க" என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மகள் மௌனிகா புனேயில் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் நானும் சுகந்தியும் மட்டும். நாலு பெட்டி வைக்கிற டிக்கி எங்களுக்கு எதற்கு? குட்டி வண்டி, உள்ளே பெரிய வண்டிக்கு உண்டான இன்ஜின். ஹாட் ஹேட்ச் என்பார்கள். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழையதில் கோவையில் இப்போது இரண்டே இரண்டு நல்லது இருக்கிறது. ஒன்று ஜெர்மன், ஒன்று இத்தாலி. ஆடி பிறப்பதற்குள் ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஆடியில் வண்டி எடுத்தால் மாமியார் வீட்டில் ஒருவரும் ஏறமாட்டார்கள்.

"ரெண்டு பேருக்கு எதுக்குங்க அத்தன பெரிய இன்ஜினு? உக்கடம் நெரிசல்ல நிக்கறதுக்கா?" என்றாள் சுகந்தி.

தினசரி ஓட்டுவதற்குத்தான் என்றேன். வடவள்ளியில் இருந்து கிணத்துக்கடவு கம்பெனிக்குத் தினமும் போய் வருகிற மனுஷனுக்கு, அந்த நேரமாவது சந்தோஷமாக இருக்க வேண்டாமா? சிரித்துக்கொண்டே கொத்தமல்லியைக் கிள்ளப் போய்விட்டாள்.

ஜூன் 4, புதன்

வண்டி இல்லாமல் மூன்றாவது நாள். சுகந்தி ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பஸ் நிறுத்தம் வரை போகிறேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிக்கட்டும், அவர் வைத்திருப்பது டீசல் வண்டி.

ஜூன் 7, சனி

ஜெர்மனைப் பார்த்தோம். அவிநாசி ரோட்டில், பழைய வண்டி விற்கிற ஜாபரின் ஆட்டோ கன்சல்டிங்கில் நிற்கிறது. வெள்ளை. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்.

"வாங்ணா. உங்களுக்குன்னே கழுவி வெச்சிருக்கறன். ஒரே ஓனர்ணா. டாக்டரம்மா ஓட்டுன வண்டி. ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும்தான் போயிருக்குது."

கோயமுத்தூரில் விற்பனைக்கு வரும் எல்லாப் பழைய வண்டியையும் ஏதோ ஒரு டாக்டரம்மாதான் ஓட்டியிருக்கிறார். பார்த்தால் இந்த ஊரில் நோயாளிகளைவிட டாக்டரம்மாக்கள் அதிகம் இருக்க வேண்டும்.

ஆனால் வண்டி அருமை. மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிறது. சத்தமே இல்லை. விமான நிலையம் வரை போய்த் திரும்பினோம். சுகந்தி வழக்கம்போல இடது சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். "இடது பக்கம் ஆட்டோ." "இடது பக்கம் ஒரு பாட்டி எறங்கறாங்க." "இடது பக்கம் பஸ், பஸ்ஸுங்க." வண்டியை ரசிக்க விடவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் இருந்து கார் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை ராலிகளில் நாங்கள் ஜோடி. நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வாள். வேகம் முக்கியமில்லை, சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தம்பதியர் பிரிவில் மூன்று முறை ஜெயித்திருக்கிறோம். மூன்று முறையும் சப்பாத்தி வைக்கிற ஹாட்பாக்தான் பரிசாகக் கொடுத்தார்கள். கிளப் கலைந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவள் வாய் மட்டும் இன்னும் ராலியில் இருக்கிறது. அதுவும் இந்த ஒரு வருடமாகத் தாங்கமுடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இத்தாலிக்காரி! சரவணம்பட்டியில் அஸ்வத் என்கிற ஐ.டி. பையனிடம் இருக்கிறாள். சாம்பல் நிறம், கண்ணாடிகள் மட்டும் சிவப்பு. ஐந்து கியர், கையால்தான் போட வேண்டும். கிளட்ச் கனம். இரண்டாவது கியரில் அவள் போடுகிற சத்தத்தைக் கேட்டு தெருமுனையில் ஒரு நாய் எழுந்து நின்றது.

அஸ்வத்துக்கு விற்க மனமே இல்லை. சாவியைக் கொடுக்கும்போது கையை எடுக்கவில்லை. அவன் மனைவிக்கு நிறை மாதம். வண்டி தாழ்வு, உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. "ரெண்டு பேர் கையப் புடிச்சு இழுக்கணும் அங்கிள்" என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

குறைகளையும் எழுதத்தான் வேண்டும். கம்பெனியே நாட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது, உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். பெட்ரோலை மடக் மடக் என்று குடிக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேல், நம்பர் பிளேட்டைக் கூட்டினால் எட்டு வருகிறது. இதனாலேயே நாலு மாதமாக ஒருவரும் வாங்கவில்லையாம். வந்தவர்கள் எல்லாரும் பின்பக்கம் போய் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

திரும்பி வரும்போது சுகந்தி கேட்டாள், "வாயெல்லாம் பல்லா வந்தீங்களே, அப்படி என்ன இருக்குதுங்க அதுல?"

என்ன பதில் சொல்ல? கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளி, காலை எடுக்கும்போது நான் மறுபடி முப்பது வயசுக்காரன். சொல்லவில்லை. "ஸ்டியரிங் நல்லாருக்குது" என்றேன்.

ஜூன் 11, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு அரைக்கக் கொடுத்தேன். காலையில் ஒரு தம்ளர் காபி கொட்டிவிட்டது. சுகந்தி எதையும் இடது பக்கமாகவே கொண்டுவந்து வைக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை.

மதிய இடைவேளையில் யோசித்தேன். தினசரி ஓட்டத்துக்கு ஜெர்மன்தான் புத்திசாலித்தனம். உக்கடம் நெரிசலில் இத்தாலிக்காரியின் கிளட்சை மிதித்தே முட்டி தேய்ந்துவிடும். அப்படியானால் ஜெர்மன். ஆனால் ஈச்சனாரியில் சுகந்தியை அவள் வேலை பார்க்கிற காலேஜ் வாசலில் இறக்கிவிட்ட பிறகு கிணத்துக்கடவு வரை நேரான ரோடு இருக்கிறதே? அங்கே இத்தாலிக்காரி பாடிக்கொண்டு போவாளே? அப்படியானால் இத்தாலி. மூன்று டீ ஆனது. முடிவாகவில்லை.

ஜூன் 14, சனி

சுகந்தி சித்தப்பா பேத்திக்குக் காது குத்து என்று அன்னூர் போய்விட்டாள். ஜெர்மனை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஜாபரிடம் போனேன். "நீங்களே எடுத்துட்டுப் போய்ட்டு வாங்ணா, உங்களுக்கு நான் வேற எதுக்கு?" என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

பீளமேடு பக்கம் ஒரு சின்னச் சம்பவம். ஓரம் கட்டலாம் என்று இடது பக்கம் ஒடித்தேன். ஸ்கூட்டரில் ஒரு பெண், முன்னால் பள்ளிக்கூடப் பெண் குழந்தை நின்றுகொண்டு வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. என் கண்ணாடி அவள் ஹேண்டில்பாரில் பட்டு மடங்கியது. சாயவிருந்த வண்டியைக் காலை ஊன்றி நிறுத்திவிட்டாள். பை அறுந்து தக்காளி மட்டும் ரோடு முழுக்க உருண்டது.

"கண்ணு தெரியலையாங்க உங்களுக்கு? ஹாரன் அடிச்சுட்டே பக்கத்துலயே வர்றன்!"

ரோட்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். ஒவ்வொரு தக்காளியாகப் பொறுக்கிக் கொடுத்தேன். குழந்தை அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கிருந்து வந்தாள் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் ஜெர்மன் வண்டியின் குறை பிடிபட்டுவிட்டது. முன் கண்ணாடிக்கு இடது பக்கம் இருக்கிற தூண் தேவைக்கு மேல் தடிமன். அந்த வண்டி வேண்டாம்.

சுகந்தி ஒன்றுமே கேட்கவில்லை. ஜாபர் அவளுக்குப் போன் செய்திருக்கிறான் என்பது அவள் ரசம் ஊற்றிய விதத்திலேயே தெரிந்தது.

ஜூன் 21, சனி

இரவுச் சாப்பாட்டில் அப்பளம் இல்லை. சாம்பார் சாதத்துக்கு அப்பளம் இல்லாமல் எப்படி என்று கேட்டேன்.

"இருக்குதுங்க" என்றாள்.

"எங்க?"

மோவாயால் என் இடது பக்கத்தைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தால் இடது கையை ஒட்டி ஒரு தட்டில் நாலு அப்பளம். அதற்குப் பக்கத்தில் வடகம். அதற்கும் பக்கத்தில், நான் காலையில் இருந்து தேடிக்கொண்டிருந்த ஸ்க்ரூடிரைவர்.

"வலது கண்ணப் பொத்திக்குங்க" என்றாள். "என் மூக்க மட்டும் பாருங்க. இப்ப என் கை தெரியுதா?"

"எந்தக் கை?"

"சரி, சாப்புடுங்க."

இதென்ன விளையாட்டு என்று கேட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம் நறுக்கினேன் என்றாள். இன்றைக்கு வெங்காயம் போட்ட பண்டமே இல்லை.

ஜூன் 23, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. மூக்குக்கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும், இதற்கு அரை நாள் லீவா என்றேன். கேட்பாரில்லை.

ஒரு பரிசோதனை எனக்குப் பிடித்திருந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையில் கொடுத்திருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். ராலிக்காரனுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா? வலது கண்ணில் டக் டக் என்று அடித்துத் தள்ளினேன்.

இடது கண்ணுக்கு வைத்தபோது மிஷின் சோம்பேறியாகிவிட்டது. வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை.

"ஏம்மா, மிஷின் நின்னு போச்சா?"

"ஓடிட்டுத்தான் இருக்குதுங்க சார். நீங்க நடுவுல பாருங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் ஒரு மாதிரி மரியாதை. நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லிப் போன் வந்தது. வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

ஜூன் 26, வியாழன்

மிஷின் சோம்பேறி இல்லை.

டாக்டர் லலிதாம்பிகை இரண்டு படங்களை மேஜையில் வைத்தார். வலது கண் படத்தில் ஓரமாகக் கொஞ்சம் சாம்பல். இடது கண் படத்தில் நடுவில் ஒரு சின்ன இடம் தவிர மற்றதெல்லாம் கறுப்பு.

"கறுப்பா இருக்கற இடமெல்லாம் உங்களுக்குத் தெரியாத இடங்க. கிளாக்கோமா. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாப் பட்டுப் போச்சு. வலி இருக்காது. நடுவுல நல்லாத் தெரியறதுனால யாருக்கும் சீக்கிரம் தெரியாது."

"சொட்டு மருந்து போட்டாச் சரியாயிடுங்களா?"

"போனது திரும்பி வராதுங்க. இருக்கறதக் காப்பாத்தலாம். மருந்த ஒரு நாள்கூட விடக் கூடாது."

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. சுகந்திதான் கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"வண்டி ஓட்ட வேண்டாங்க. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. நீங்க ஓட்டறது உங்களுக்கும் ஆபத்து, ரோட்ல போறவங்களுக்கும் ஆபத்து."

எனக்கு அந்தக் குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பார்வை. இரண்டு கைகளையும் எடுத்து மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஏதாவது பேசாவிட்டால் அழுதுவிடுவேன் போல இருந்தது. "டாக்டரம்மா, நீங்க என்ன வண்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் குழம்பிப் போய், "ஏதோ ஒரு வண்டிங்க. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தானே ஓட்டறேன்" என்றார்.

சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. சுகந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். சிரித்து முடித்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், "உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"தெரியாதுங்க. நீங்க அசால்ட்டா ஓட்டறீங்கன்னுதான் நெனச்சன். அதான் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டே வந்தன். நான் வாய மூடிட்டு வந்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும். நானே மறைச்சுட்டனுங்க."

அவள் சொல்லச் சொல்ல நான் ஓட்டியிருக்கிறேன். ஒரு வருடமாக இடது பக்கத்தை அவள் வாயால் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். நான் அதைப் பழைய ராலிப் பழக்கம் என்று நினைத்தேன், அவளோ என் அசட்டை என்று நினைத்திருக்கிறாள். இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் யாருக்கு வாய்க்கும் என்று தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

சொட்டு மருந்து எரிகிறது.

ஜாபருக்கும் அஸ்வத்துக்கும் போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜாபர், "ஏனுங்ணா, விலையா? பேசிக்கலாங்ணா" என்றான். விலை இல்லை என்றேன். அஸ்வத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வாழ்த்து சொன்னேன். வண்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை, உள்ளூர சந்தோஷப்பட்டிருப்பான்.

மௌனிகா பேசினாள். "கேப் புக் பண்ணிக்கலாம்பா, இப்ப யாரு ஓட்டறாங்க" என்றாள். நான் ஓட்டுகிறேன், அல்லது ஓட்டினேன். அதை அவளிடம் கத்தியிருக்கக் கூடாது. பிறகு நானே கூப்பிட்டுப் பேசினேன்.

ஜூலை 4, வெள்ளி

சுகந்தி காலையில் வாக்கிங் போக ஆரம்பித்திருக்கிறாள். இத்தனை வருடம் நான் கெஞ்சியும் வராதவள், இப்போது ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். வாக்கிங்குக்குக் கைப்பை எதற்கு என்று தெரியவில்லை. வேர்க்காமல் திரும்பி வருகிறாள். கெண்டைக்கால் மட்டும் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்கிறாள், அதுவும் இடது கால் மட்டும்.

கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறேன். எல்லாரும் ஓட்டுகிறார்கள். பதினெட்டு வயசுப் பையன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான். அவனைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. பொறாமைதான். வேறு என்ன?

ஜூலை 12, சனி

"ஜாபர் கூப்பிட்டாரு, சித்த போயிட்டு வந்துரலாம்" என்றாள். எதற்கு என்றேன். வாங்க என்றாள்.

அங்கே போனால் வெள்ளை ஜெர்மனின் கதவைத் திறந்து, புடவையைச் செருகிக்கொண்டு, இவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியிலேயே நின்றேன்.

"ஏறுங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாது."

"லைசென்ஸ் இருக்குதுல்ல? கல்யாணமான அடுத்த வருஷமே எடுத்தது. ரெண்டு தடவ ஓட்டுனன், ரெண்டு தடவையும் நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்தீங்க. அப்புறம் எதுக்கு வம்புன்னு உட்டுட்டன்."

வாக்கிங் எங்கே போனாள் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் எல் போர்டு மாட்டிக்கொண்டு ஊர்ந்து போகிற அந்தப் பச்சை வண்டியை நான் தினமும் காலையில் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன்.

விமான நிலையம் வரை போய்த் திரும்பினோம். ஒரு குலுக்கல் இல்லை. என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எனக்குத்தான் கால் வலிக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சரவணம்பட்டி. இத்தாலிக்காரியை அவள் ஓட்டினாள். முதல் திருப்பத்தில் இன்ஜின் நின்றது. இரண்டாவது திருப்பத்திலும் நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "அடிடா, அடி" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஸ்டார்ட் செய்தாள். நான் கையை நீட்டினேன். "ஸ்டியரிங்கத் தொட்டீங்கன்னா எறக்கி உட்ருவன்" என்றாள். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

சத்தி ரோட்டில் மூன்றாவது கியரில் ஒரு பஸ்ஸைத் தாண்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வேகமாக நான்கூடப் போனதில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். அந்தப் பழக்கம் அவளுக்கு இருப்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ஜெர்மன்தான் என்று முடிவாகச் சொன்னேன். கிளட்ச் இல்லை, முட்டிக்கு நல்லது, நம்பர் ஐந்து, உதிரி பாகம் கிடைக்கும். நாலு காரணமும் அசைக்க முடியாதவை.

"அவன் எல்லாத்தையும் அவனே பண்ணிக்கறான். எனக்கு என்ன வேலை?" என்றாள். "இத்தாலிதான்."

"தினமும் உக்கடத்துல கிளட்ச மிதிக்கணும் சுகந்தி. உனக்கு எதுக்கு அந்த ரோதனை?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அந்த வண்டில வந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தன். இத்தன வருஷத்துல, மௌனி பொறந்தன்னிக்குத்தான் அப்படிப் பாத்திருக்கறன். உங்களால ஓட்டத்தான் முடியாது. அதுல போகலாமுல்ல?"

நான் எழுந்து போய்ச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டேன். நேரமாகவில்லை. ஆனாலும் எழுந்து போக ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இன்னும் எடுக்கவில்லையே, ஆடி வந்துவிட்டதே என்றேன்.

"அதுக்குத்தானுங்க காத்துட்டு இருந்தன்" என்றாள். ஆடி மாதம், அதிலும் எட்டாம் நம்பர். அஸ்வத்திடம் இவளைத் தவிர யார் போய் நிற்பார்கள்? இவள் சொன்ன விலைக்குத் தலையாட்டியிருக்கிறான். இந்தத் திறமையை இவள் ராலியில் காட்டியிருந்தால் ஹாட்பாக்குக்குப் பதிலாகக் குக்கராவது கிடைத்திருக்கும்.

மாமியார் போனில் அழுதார்கள். கூட்டினால் எட்டு வருதே கண்ணு, ஆடியில வேற எடுக்கறியே கண்ணு என்று. "வர்றதெல்லாம் வந்துருச்சும்மா, இனி எட்டு வந்து என்ன பண்ணப் போகுது?" என்று இவள் போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. அஸ்வத், மனைவி, கைக்குழந்தை மூன்று பேரும் கொண்டுவந்து விட்டார்கள். ஊர் முறைப்படி நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். சுகந்தி ஒரே மூச்சில் நாலையும் நசுக்கினாள். இன்ஜின் நிற்கவில்லை. அஸ்வத் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு அந்த வித்தை இப்போது சுலபம், அவன் என் இடது பக்கம் நின்றான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சந்தனப் பொட்டு சிவப்புக் கண்ணாடியில் வழிந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

தினசரி ஓட்டம் இன்று ஆரம்பம். ஏற்பாடு இதுதான்: ஈச்சனாரியில் அவள் காலேஜ் வரை அவள் ஓட்டுவாள், அங்கிருந்து நான் கம்பெனி வேனில் ஏறிக்கொள்வேன்.

மருந்து, டிபன் டப்பா, குடை. இடது சீட்டில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அவள் என் வலது பக்கம் இருக்கிறாள், நன்றாகத் தெரிகிறாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, உக்கடத்தில் நிற்பவர்களை எல்லாம் வாய்க்குள்ளேயே வைதுகொண்டு. நான் சும்மா வரவில்லை. "முன்னால மேடு" என்றேன். "பாத்தனுங்க" என்றாள். "அந்த டெம்போ திரும்பப் போறான்" என்றேன். "தெரியுதுங்க" என்றாள். "மூணாவதுக்கு இறக்கு" என்றேன். அவள் ஏற்கெனவே இறக்கியிருந்தாள். வழி சொல்கிறவன் வேலை இவ்வளவு அவமானகரமானது என்று தெரிந்திருந்தால் அந்தக் காலத்திலேயே அவளுக்கு ஒரு புடவை சேர்த்து எடுத்துக் கொடுத்திருப்பேன்.

காலேஜ் இடது கைப்பக்கம். இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, வாசலை நெருங்கும்போது கேட்டாள்:

"இடது பக்கம் காலியா?"

மறந்துபோய்க் கேட்டாளா, வேண்டுமென்றே கேட்டாளா, இப்போது எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அதற்கும் அவள் அசையவில்லை.

டாக்டரம்மா சொல்லியிருந்தார், கண்ணை நம்பாதீங்க, கழுத்தைத் திருப்புங்க என்று. கழுத்தைத் திருப்பினேன். போதவில்லை. பெல்ட்டைத் தளர்த்தி, தோளைத் திருப்பி, உடம்பையே ஜன்னல் பக்கம் திருப்பி, பின்னால் வரை பார்த்தேன். ஒரு மரம், ஒரு பேக்கரி, ஒரு சைக்கிள். சைக்கிளில் சீருடை போட்ட பெண், பை முதுகில் ஆட வந்துகொண்டிருந்தாள்.

"இரு. சைக்கிள் வருது."

அந்தப் பெண் கடந்து போனாள். மறுபடி பார்த்தேன். ஒரு முறைக்கு இரண்டு முறை.

"காலி. இப்பப் போ."

சுகந்தி முதல் கியரைப் போட்டுத் திருப்பினாள்.